பிபி ஸ்ப்ரேயை டெக் பேக்கிலிருந்து எடுங்கள்: ஜீன்ஸ் பிராண்டுகளுக்கு ஒரு வாஷிங் மாஸ்டரின் திறந்த மடல்

ஜீன்ஸ் பிராண்டுகளின் டிசைன் துறைக்கும், விலை பேசும் துறைக்கும், அவர்கள் சார்பில் சென்னையிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் பையிங் ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கும்,

அடுத்த சீசனுக்கான டெக் பேக், அதாவது ஜீன்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதி அனுப்பும் குறிப்பு, போன வாரம் எங்கள் யூனிட்டுக்கு வந்தது. தொடையில் ஆழமான வெளுப்பு, இடுப்புக்குக் கீழே விஸ்கர் கோடுகள், முட்டிக்குப் பின்னால் தேன்கூட்டு மடிப்பு, பின்பக்கம் அகலமாக பிபி என்ற வெளுப்பு மருந்து. லேசரில் செய்து அனுப்பிய சாம்பிளை, தட்டையாக இருக்கிறது, உயிரில்லை என்று திருப்பிவிட்டீர்கள். கையால் தேய்த்து, பிபி அடித்துத்தான் வேண்டுமாம். அதே மெயிலில் இரண்டு இணைப்புகள். ஒன்றில் வாஷ் விலை போன சீசனைவிடக் குறைவு. இன்னொன்று, தொழிலாளர் நலனுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நாங்கள் என்னென்ன செய்கிறோம் என்று நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம். உங்களில் ஒரு துறை அனுப்பியதை மற்றத் துறை படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். படித்திருந்தால் மூன்றையும் ஒன்றாக அனுப்பக் கை வந்திருக்காது.

நான் திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஜீன்ஸ் வெளுக்கும் ஒரு யூனிட்டில் வாஷிங் மாஸ்டராக இருக்கிறேன். யூனிட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை, உங்கள் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் முதலில் வேலை இழப்பவர் மருந்து தெளிக்கும் ஸ்ப்ரே பூத்துக்குள் நிற்கிற பையன்தான். தமிழில் எழுதினால் உங்கள் தலைமையகத்தில் யார் படிப்பார்கள் என்று கேட்கலாம். உங்கள் பையிங் ஆபீஸ்களில் தமிழ் தெரிந்த மெர்ச்சண்டைசர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஷேட் அப்ரூவலுக்கு போன் செய்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களே இதையும் மொழிபெயர்த்து மேலே அனுப்பட்டும்.

மில்லிலிருந்து வரும் டெனிம் கருநீலமாக, விறைப்பாக இருக்கும். அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் இண்டிகோ என்ற நீலச் சாயம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. இண்டிகோ தண்ணீரில் கரையாது. ஹைட்ரோஸ், காஸ்டிக் என்ற இரண்டு ரசாயனங்களைப் போட்டுக் கரைத்தால் மஞ்சள்பச்சையாக மாறும். அதில் நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டினால் நீலம் திரும்பி வரும். இப்படிப் பல முறை முக்கினாலும் சாயம் நூலின் மேல்புறத்தோடு நின்றுவிடுகிறது, நடுவே வெள்ளை அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஜீன்ஸ் தேயத் தேய வெள்ளை எட்டிப் பார்க்கிறது. பல வருடம் உடுத்தி, உட்கார்ந்து, எழுந்து, துவைத்து ஒருவர் உடம்பு போடும் அந்தக் கோடுகளை, தைத்து முடித்த பீஸில் சில நிமிடங்களில் போட்டுத் தரச் சொல்கிறீர்கள்.

சரி, அதை எப்படிப் போடுகிறோம் என்று சொல்கிறேன். காற்றடைத்த ரப்பர் டம்மிக்கு ஜீன்ஸை மாட்டி, தொடையில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டும். நாள் முழுக்க ஒரே கை, ஒரே வேகம். நீலத் தூசி மூக்கில், புருவத்தில், காதோரத்தில் படியும். ஷிப்ட் முடிந்து சளி சிந்தினால் அதுவும் நீலம். ஓரம் கிழிந்த மாதிரி வேண்டுமென்றால் கிரைண்டிங் சக்கரம். மடிப்பு நிலைத்து நிற்க வேண்டுமென்றால் ரெசின் என்ற பிசின் மருந்து தெளித்து, கையால் மடித்து, ஓவனில் 150 டிகிரி பக்கம் வேக வைக்க வேண்டும். பல ரெசின்களில் ஃபார்மால்டிஹைடு உண்டு. புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருப்பது அது. ஓவன் கதவைத் திறக்கும்போது கண் எரிவதை வைத்தே ரெசின் எந்த ரகம் என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் பிபி. பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஊர்க் கிணற்றில் கிருமி சாகப் போடுவோமே, அந்த ஊதா உப்புதான். கிணற்றில் போடுவது ஒரு சிட்டிகை. இங்கே கரைசலாக்கி ஸ்ப்ரே கன்னில் ஏற்றி, முகத்துக்கு நேரே நிற்கும் டம்மியின் மேல் அடிக்கிறோம். ஊதாப் பனி போல மேலே எழும். நல்ல யூனிட்டில் தண்ணீர்த் திரையும் காற்று உறிஞ்சியும் வைத்த பூத் இருக்கும். பெரிய கம்பெனிகளின் வேலையைக் கூலிக்கு வாங்கி ஜாப் ஒர்க் செய்யும் சின்ன இடங்களில் ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அவ்வளவுதான். ஊதா காய்ந்து பழுப்பாகும். அதை மெட்டாபைசல்பைட் தொட்டியில் முக்கி எடுத்தால் வெளுப்பு தெரியும். அந்தத் தொட்டியின் கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும். ஸ்ப்ரே அடிக்கிறவரின் விரல்களும் நகங்களும் எப்போதும் பழுப்பு. திருவிழாவுக்கு ஊருக்குப் போனாலும் அந்தக் கறை கூடவே போகிறது.

இந்த மருந்து கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். அதிலிருக்கும் மாங்கனீசு வருடக்கணக்கில் மூச்சில் போனால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்; சுரங்கத்திலும் வெல்டிங்கிலும் வேலை செய்தவர்களிடம் மருத்துவர்கள் கண்டறிந்து எழுதிவைத்த விஷயம் இது. எங்கள் பூத்துகளில் நின்றவர்களுக்கு என்ன ஆனது என்று யாராவது பார்த்தார்களா? இல்லை. பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வருகிறவர்கள். கொஞ்ச காலம் அடிப்பார்கள், இருமல் பிடித்தால் ஊருக்குப் போவார்கள், அடுத்த ரயிலில் அவர்கள் சித்தப்பா மகன் வருவான். நோய் எங்கள் ரிஜிஸ்டரில் ஏறுவதே இல்லை. உங்கள் படிவத்தில் "வேலை தொடர்பான நோய்" என்ற கட்டத்தில் நாங்கள் பூஜ்யம் என்று எழுதுகிறோம். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

மாஸ்க் கொடுக்கிறோமே என்பீர்கள். கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்தான் இதற்குப் பயன்படும், அதன் கார்ட்ரிட்ஜை அடிக்கடி மாற்றவும் வேண்டும். நீங்கள் தரும் விலையில் எத்தனை முறை மாற்ற முடியும் என்று கணக்குப் போட்டால் தெரியும். சித்திரை வெயிலில், பாய்லர் பக்கத்தில், அதைப் போட்டுக்கொண்டு மணிக்கு நீங்கள் கேட்கும் பீஸை அடிக்க முடியாது. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் அடிப்பார்கள். ஆடிட் நாளில் மட்டும் பாலித்தீன் உறை பிரித்த புது மாஸ்க் எல்லார் முகத்திலும் இருக்கும். உங்கள் ஆடிட்டருக்கும் அது தெரியும். ரப்பர் வாசனை போகாத மாஸ்க்கைப் பார்த்தும் டிக் போட்டுவிட்டுப் போகிறார்.

இதற்கு முன்பு மணல் இருந்தது, நினைவிருக்கிறதா? அழுத்தமான காற்றில் மணலை ஜீன்ஸ் மேல் பீய்ச்சி வெளுப்பார்கள். சாண்ட்பிளாஸ்டிங். அந்தச் சிலிக்கா தூசி துருக்கியில் இளைஞர்களின் நுரையீரலைக் கல்லாக்கியது. சுரங்கத் தொழிலாளிக்குப் பத்திருபது வருடத்தில் வரும் சிலிகோசிஸ், இஸ்தான்புல் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்குச் சில மாதங்களிலும் ஒன்றிரண்டு வருடங்களிலுமே வந்தது. பிங்கோல் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து பிழைக்கப் போனவர்கள் மூச்சுவிட முடியாமல் ஊர் திரும்பினார்கள். அந்த நோய்க்குக் குணம் கிடையாது. 2009 மார்ச்சில் துருக்கி அரசு இந்த முறையைத் தடை செய்தது. 2010 செப்டம்பரில் லீவைஸும் எச் அண்ட் எம்மும் கைவிடுவதாக அறிவித்தன. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். வேலை கொஞ்ச காலம் வங்கதேசத்துக்கும் சீனாவுக்கும் நகர்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் அன்றைக்குச் செய்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் முறையைத்தான் தடை செய்தீர்கள், தோற்றத்தைத் தொடவில்லை. அதே வெளுத்த தொடை அடுத்த சீசனிலும் டெக் பேக்கில் இருந்தது. மணல் இல்லாமல் அதை எப்படிக் கொண்டுவருவது? உப்புத்தாளையும் பிபியையும் கூட்டித்தான். ஓர் ஆபத்தை வாசல் வழியாக அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கொல்லைப்புறமாக உள்ளே விட்டோம். இந்த மடலில் நான் சொல்ல வந்ததே இதுதான்: ஆபத்து எங்கள் தரையில் பிறப்பதில்லை, உங்கள் டிசைன் மேஜையில் பிறக்கிறது. அங்கே ஒரு கோடு ஆழமாக விழுந்தால் இங்கே ஒருவர் இரண்டு கோட்டிங் கூடுதலாக அடிக்கிறார்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஜீன்ஸும் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் உடுத்தி வெளுத்தது மாதிரி இருக்க வேண்டும் என்கிறீர்கள். அதையே பத்தாயிரம் பீஸிலும் ஒரே மாதிரி, ஷேட் பேண்ட் என்ற நிற வரம்புக்குள் வேண்டும் என்கிறீர்கள். கையால் தேய்ப்பது கையால் தேய்த்த மாதிரிதான் இருக்கும். காலையில் தேய்க்கும் கைக்கும் சாயங்காலம் தேய்க்கும் கைக்கும் அழுத்தம் ஒன்றாக இருக்குமா? இடது தொடையில் வெளுப்பு அரை அங்குலம் தள்ளிப் போனால் ரிஜக்ஷன், ரிஜக்ஷனுக்கு டெபிட் நோட், அதாவது எங்கள் பணத்தில் பிடித்தம். டெபிட் நோட் பயத்தில் வெளுப்பு குறைந்த பீஸை மறுபடி பூத்துக்கு அனுப்புகிறோம். ஒரே ஜீன்ஸுக்கு இரண்டு தரம், மூன்று தரம் பிபி. துணியும் நைந்துபோகிறது. வாங்குகிறவர் அதை ஒரு வருடம் உடுத்தினால் தொடையிடுக்கில் கிழியும், கடைக்காரரைத் திட்டுவார்.

ஒரே மாதிரி வேண்டுமென்றால் அதற்கு லேசர் இருக்கிறது. மேல்சாயத்தை எரித்து எடுக்கும், தூசியும் மருந்தும் மிகக் குறைவு, ஆயிரம் பீஸும் அச்சு வார்த்த மாதிரி வரும். ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவில் 1994இல் தொடங்கிய ஜீனாலஜியா போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாக வைத்திருக்கின்றன. 2018 பிப்ரவரியில் லீவைஸ் தன் வெளுப்பு வேலையை லேசருக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. பிபியை ஒழிப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆகவே முடியாத காரியம் இல்லை. லேசர் சாம்பிள் கொஞ்சம் தட்டையாகத்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். நேரில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் வித்தியாசம் தெரிகிறது, தொழில் அது. கடையில் மாட்டியிருக்கும் ஜீன்ஸை எடுத்துப் பார்க்கும் கல்லூரிப் பையனுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

தண்ணீரைப் பற்றிப் பேச உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் அதற்கும் வருகிறேன். ஒரு 501 ரக ஜீன்ஸின் ஆயுள் முழுக்க 3,781 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று லீவைஸ் 2015இல் கணக்கு வெளியிட்டது. அதில் பருத்தி விளைவிக்க 68 சதவீதம், வாங்கியவர் வீட்டில் துவைக்க 23 சதவீதம். மில்லும் தையலும் வாஷிங்கும் எல்லாம் சேர்ந்து மிச்சத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அப்படியிருக்க, வாஷிங்கில் தண்ணீர் மிச்சப்படுத்தியதாக டேக்கில் போட்டு விற்கிறீர்கள். விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் லிட்டர் கணக்குப் போடத் தெரிந்த உங்கள் அறிக்கைகளில், பிபி பூத்துக்குள் நிற்பவரின் மூச்சுக் கணக்கு ஒரு வரியாவது இருக்கிறதா?

கழிவுநீர் விஷயத்தில் எங்கள் பகுதி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். சாயக் கழிவால் நொய்யல் செத்து, ஒரத்துப்பாளையம் அணை விஷக்குளமாகி, விவசாயிகள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் யூனிட்களையும் மூடச் சொன்னது. விவசாயிகள் கேட்டது நியாயம். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இங்கே தொழில் நடக்கிறது. ஆர்.ஓ., ஆவியாக்கி, மின்சாரம், மிச்சமாகும் உப்பு, கசடு எல்லாமே செலவு. விலை பேசும்போது மட்டும், இன்னொரு ஊரில் இதைவிடக் குறைவாகச் செய்து தருகிறார்கள் என்கிறீர்கள். அந்த ஊரில் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டீர்களா? உங்கள் காஸ்ட் ஷீட்டில் நூல், துணி, ஜிப், ரிவெட், பொத்தான், டேக் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி உண்டு. சுத்திகரிப்புக்கு மட்டும் இல்லை. சட்டத்தை மதிக்கிறவன் விலையில் தோற்கிற ஏற்பாட்டுக்கு நிலைத்த வளர்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

நான் ஜீன்ஸுக்கு எதிரி இல்லை. எங்கள் யூனிட் பையன்கள் பொங்கலுக்கு வாங்குவதும் முட்டி கிழிந்த ஜீன்ஸ்தான். அதைக் கிழித்தவனே வாங்குகிறான். 1995 வாக்கில் அர்விந்த் மில் 'ரஃப் அண்ட் டஃப்' என்று 195 ரூபாய்க்கு ஒரு பொட்டலம் விற்றது. துணி, ஜிப், ரிவெட், பொத்தான் எல்லாம் உள்ளேயே இருக்கும், தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். கருநீலம், விறைப்பு. உடுத்தியவனோடு சேர்ந்துதான் வெளுத்தது. ஜப்பானில் ஒகயாமா பக்கம் கோஜிமாவில் 1960களிலிருந்து ஜீன்ஸ் தைக்கிறார்கள். அங்கே தயாராகும் துவைக்காத டெனிமைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, தன் உடம்பே அதை வெளுக்கட்டும் என்று காத்திருக்கும் ரசிகர் கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. 1873 மே மாதம் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் ரிவெட்டுக்குக் காப்புரிமை வாங்கியது, கூலியாட்களின் பாக்கெட் கிழியாமல் இருக்கத்தான். ஆக, வெளுத்தும் கிழிந்தும்தான் ஜீன்ஸ் விற்கும் என்பது ஏதோ இயற்கை விதி இல்லை. ஒரு காலத்தில் நீங்கள் விளம்பரம் செய்து பழக்கிய ருசி அது. வேறு ருசியும் பழக்கலாம்.

இனி, நாங்கள் கேட்பது.

அடுத்த சீசன் முதல் பிபி ஸ்ப்ரே என்ற வரியை டெக் பேக்கிலிருந்தே எடுங்கள். "முடிந்தவரை குறைக்கவும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் குறையாது என்பது உங்களுக்கும் தெரியும். லேசர் சாம்பிளை லேசராகவே பார்த்து அப்ரூவல் கொடுங்கள், கை வேலை மாதிரி இல்லை என்று திருப்பாதீர்கள். கை வேலைதான் வேண்டும் என்ற ஸ்டைலில், பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் வரும் என்பதை ஆர்டரிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஷேட் வித்தியாசத்துக்காக டெபிட் நோட் போடுவதை நிறுத்துங்கள்.

லேசர் மெஷின் வாங்க யூனிட்கள் வங்கியில் கடன் கேட்க வேண்டும். சீசனுக்கு சீசன் ஓடிப்போகும் ஆர்டரை நம்பி எந்த மேனேஜரும் கடன் தர மாட்டார். 2020இல் கோவிட் வந்ததும் தைத்து முடித்த சரக்கையே பல பிராண்டுகள் கேன்சல் செய்ததை யாரும் மறக்கவில்லை. குறைந்தது மூன்று வருடத்துக்கு இவ்வளவு பீஸ் என்று எழுத்தில் கொடுங்கள், மெஷினை நாங்கள் வாங்குகிறோம்.

காஸ்ட் ஷீட்டில் கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் பாதுகாப்புச் சாதனத்துக்கும் தனி வரி போடுங்கள், அந்த வரியில் பேரம் பேசாதீர்கள். ஜாப் ஒர்க் யூனிட்டுக்கான பணம் 45 நாளில் வந்து சேர வேண்டும். 2006ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிற கெடு அதுதான், நாங்கள் புதிதாகக் கேட்கவில்லை. எக்ஸ்போர்ட்டருக்கு நீங்கள் நான்கு மாதம் கழித்துக் கொடுத்தால் அவர் எங்களுக்கு எப்படி 45 நாளில் கொடுப்பார்?

பூத்திலும் உப்புத்தாள் மேஜையிலும் ஓவனிலும் வேலை செய்கிறவர்களுக்கும், செய்து விட்டுப் போனவர்களுக்கும், உங்கள் செலவில் நுரையீரல், நரம்புப் பரிசோதனை நடத்துங்கள். ஒடிசாவுக்குத் திரும்பிப் போனவரையும் சேர்த்துத்தான். முடிவுகளை அவர்கள் கையில் அவர்கள் மொழியில் கொடுங்கள். ஆடிட்டுக்குத் தேதி சொல்லாமல், இரவு ஷிப்டில் வாருங்கள்.

கடைசியாக, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வேண்டும். நடத்தை விதிகள் என்று சுவரில் ஒட்டும் காகிதம் எங்களிடம் நிறைய இருக்கிறது. ஆப்பிரிக்காவில் லெசோத்தோ நாட்டில் ஜீன்ஸ் தைக்கும் பெண்கள் மேல் நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தபோது, 2019இல் லீவைஸும், ரேங்ளரும் லீயும் விற்கும் கொன்டூரும் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டன. நம் திண்டுக்கல்லில் ஓர் இளம்பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம்மும் ஈஸ்ட்மேன் என்ற ஏற்றுமதி நிறுவனமும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் அதே போல ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். யாராவது செத்த பிறகுதான் வாஷிங் யூனிட்களுக்கும் அது வர வேண்டுமா? இப்போதே பேச்சைத் தொடங்குங்கள். அந்த ஒப்பந்தம் எக்ஸ்போர்ட்டரின் பெரிய கம்பெனியோடு நிற்காமல், அவர் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வரை வர வேண்டும். உங்கள் இணையதளத்தில் தையல் கம்பெனிகளின் பட்டியல் போடுகிறீர்கள்; உங்கள் ஜீன்ஸ் வெளுக்கப்படும் யூனிட்களின் பெயரையும் முகவரியையும் அதில் சேருங்கள்.

இந்த சீசன் சாம்பிளுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டிய கெடு மாதக் கடைசி. அதற்குள் உங்கள் பதிலையும் எதிர்பார்க்கிறேன். டிசைன் துறையின் கையெழுத்தோடு வரட்டும்; விதிகளைப் பார்க்கும் கம்ப்ளையன்ஸ் துறை மட்டும் அனுப்பும் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாஷிங் மாஸ்டர்